நாற்பது நிமிட வேலை, இருபது நிமிடப் பிள்ளை

நல்ல சாப்பாடும் 37 டிகிரி சூடும் கிடைத்தால் ஈ.கோலை பாக்டீரியா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் பிரதி எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. அந்தப் பிரதியை எடுத்து முடிக்க அதற்கு நாற்பது நிமிடம் பிடிக்கும். நாற்பது நிமிட வேலை முடியாமல் இருபது நிமிடத்தில் எப்படிப் பிள்ளை பெறுகிறது? கணக்கு இடிக்கிறதா இல்லையா?

விடையை 1968-ல் ஸ்டீபன் கூப்பரும் சார்லஸ் ஹெல்ம்ஸ்டெட்டரும் சொன்னார்கள். முதல் பிரதி முடியும்வரை அது காத்திருப்பதே இல்லை. பிரதி பாதியில் இருக்கும்போதே அந்தப் பாதிப் பிரதியின் மேல் அடுத்த பிரதியைத் தொடங்கிவிடுகிறது. அதாவது பேத்திக்கான டி.என்.ஏ.வைப் பாட்டி எழுத ஆரம்பித்துவிடுகிறாள். மகள் பிறக்கும்போதே பாதி எழுதிய ஏட்டோடு பிறக்கிறாள். இதைப் படித்த அன்று யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுக்களையில் போய் அம்மாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். "சரி, அந்த உளுந்தக் களைஞ்சு வை" என்றாள்.

நான் பேராசிரியரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. தென்காசியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் கல்ச்சர் பகுதி என் பொறுப்பு, அவ்வளவுதான். சாரல் விழுந்து குற்றாலத்தில் கூட்டம் ஏறினால் எங்களுக்கும் சீசன். ஐந்தருவியில் குளித்துவிட்டுக் கண்டதையும் தின்று, மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் பாதி. சிறுநீர் எரிச்சல் என்று வருகிற உள்ளூர்க்காரர்கள் மீதி. சாயங்காலம் சாம்பிளை லூப்பில் தொட்டுத் தட்டில் கோடு இழுத்து இன்குபேட்டரில் வைத்துவிட்டுப் போவேன். காலையில் திறந்தால் மெக்காங்கி அகர் மேல் அடர் ரோஜா நிறத்தில் காலனிகள் உட்கார்ந்திருக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம்தான் ஒவ்வொன்றும். அதற்குள் கோடிக்கணக்கில் ஈ.கோலை, அத்தனையும் நேற்று அந்த இடத்தில் ஒட்டிக்கொண்ட ஒரே ஒன்றின் வம்சம். ஒவ்வொன்றுக்குள்ளும் அதே ஏடு, முழுசாக!

அந்த ஏட்டின் அளவைச் சொல்கிறேன், கேளுங்கள். 46 லட்சம் எழுத்து ஜோடிகள். நீட்டிப் பிடித்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வரும். அதைச் சுமக்கும் உடம்போ ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. தன்னைவிட எண்ணூறு மடங்கு நீளமான நூலை உள்ளே முறுக்கிச் செருகி வைத்துக்கொண்டு, அதைச் சிக்கல் விழாமல் பிரித்து, எழுதி, ஆளுக்கொன்றாகப் பங்கும் போடுகிறது. எழுத்து ஓடும் வேகம் நொடிக்குச் சுமார் ஆயிரம். வட்டமான அந்த டி.என்.ஏ.வில் ஓரிடத்தில் தொடங்கி, இரண்டு குழு எதிரெதிர்த் திசையில் ஓடி, மறுபக்கத்தில் சந்திக்கும். இரட்டைப் புரியை அந்த வேகத்தில் பிரித்தால் முன்னால் உள்ள நூல் நொடிக்கு நூறு சுற்று முறுக்கேறும். அந்த முறுக்கை எடுக்க ஜைரேஸ் என்ற நொதி இருக்கிறது. அது நூலின் இரண்டு இழையையும் வெட்டி, அந்த இடைவெளி வழியாக இன்னொரு பகுதியை நுழைத்து, வெட்டை மறுபடி ஒட்டிவிடும். மெடிக்கலில் சர்வ சாதாரணமாகக் கேட்டு வாங்குகிறார்களே சிப்ரோஃப்ளாக்சசின், அது பிடிப்பது இந்த ஜைரேஸைத்தான். வெட்டிய பிறகு ஒட்ட விடாமல் பிடித்துக்கொள்ளும். இதை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

இரண்டு இழையில் ஒன்றை நேராக எழுதலாம், மற்றதைப் பின்னோக்கித் துண்டு துண்டாகத்தான் எழுத முடியும். அந்தத் துண்டுகளை 1960-களின் பிற்பகுதியில் ரெய்ஜி ஒகசாகியும் அவர் மனைவி ட்சுனேகோவும் நகோயாவில் கண்டுபிடித்தார்கள். ரெய்ஜி ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975-ல் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார், 44 வயது. டி.என்.ஏ. எப்படி எழுதப்படுகிறது என்று கண்ட மனிதரை டி.என்.ஏ.வைக் கிழிக்கும் கதிர்வீச்சு கொண்டுபோனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு மாதிரி ஆகிவிடும்.

சரி, பிரதி எடுப்பதைப் பற்றி நம் பாடப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. பழுது பார்ப்பதற்குக் கடைசியில் ஒரு பத்தி. இது பெரிய அநியாயம் என்பது என் கட்சி. உண்மையான வித்தை பழுது பார்ப்பதில்தான் இருக்கிறது! ஆதாரம் வேண்டுமா? டி.என்.ஏ.வை எழுதும் நொதியை ஈ.கோலையிலிருந்து பிரித்தெடுத்ததற்காக ஆர்தர் கோர்ன்பெர்க்குக்கு 1959-ல் நோபல் கொடுத்தார்கள். பத்து வருடம் கழித்து ஜான் கெய்ர்ன்ஸ் என்பவரும் பவுலா டி லூசியாவும் ஆயிரக்கணக்கான காலனிகளைச் சலித்து, அந்த நொதி ஏறக்குறைய இல்லாத ஈ.கோலை ஒன்றைப் பிடித்தார்கள். அது பாட்டுக்குப் பிரதி எடுத்து, பிரிந்து, சுகமாக இருந்தது. ஆனால் புற ஊதா ஒளியைக் காட்டினால் பொத்தென்று செத்தது. நோபல் வாங்கிய நொதியின் முக்கியமான வேலை பழுது பார்ப்பதும், விட்ட இடைவெளியை நிரப்புவதும்! பெரிய பிரதியை எழுதுவது வேறு ஒன்று. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கோர்ன்பெர்க்கின் சொந்த மகன் டாம். ஜூலியார்டில் செல்லோ வாசிக்கப் படித்துக்கொண்டிருந்த பையன். அப்பாவின் நொதிக்கு வந்த ஏச்சைக் கேட்டு ஆய்வகத்துக்குள் இறங்கியவர். சினிமாவில் வைத்தால்கூட நம்ப மாட்டோம்.

பிழைக் கணக்கைப் பாருங்கள். எழுதும் நொதி தன் போக்கில் எழுதினால் லட்சத்தில் ஓர் எழுத்து தவறும். எழுதின கையோடு அதுவே திரும்பிப் பார்த்து, தப்பைக் கடித்தெடுத்துத் திருத்துகிறது. பிழை கோடியில் ஒன்றாகிறது. அதிலும் தப்பியதைப் பிடிக்க மியூட்-எஸ், மியூட்-எல், மியூட்-எச் என்று ஒரு பறக்கும் படை பின்னாலேயே வருகிறது. மொத்தம் முடிந்து பார்த்தால் 46 லட்சம் எழுத்து ஏட்டை ஆயிரம் தடவை பிரதி எடுத்தாலும் ஏதோ சில பிழைதான் தங்கும். இந்தக் கட்டுரையிலேயே அதைவிட அதிகமாக ஒற்றுப்பிழை இருக்கும்.

அந்தப் பறக்கும் படையிடம் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. எழுத்து பொருந்தவில்லை என்று தெரிகிறது. இரண்டு இழையில் எது மூலம், எது பிரதி? பிரதியைத் திருத்தாமல் மூலத்தைத் திருத்தித் தொலைத்தால் பிழை நிரந்தரமாகிவிடுமே! அதற்கு ஈ.கோலை வைத்திருக்கும் ஏற்பாட்டைக் கேளுங்கள். ஏட்டில் ஜி-ஏ-டி-சி என்ற நான்கெழுத்து வரும் இடமெல்லாம் அது ஒரு சின்ன மெத்தில் முத்திரை குத்தி வைக்கிறது. புதிதாக எழுதிய இழைக்கு முத்திரை விழக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த இடைவெளியில் முத்திரை இல்லாத இழைதான் புதுசு. அதைத்தான் வெட்டு! வெட்டும் இடம் பிழையிலிருந்து ஆயிரம் எழுத்து தள்ளியும் இருக்கலாம். ஒரே ஓர் எழுத்துக்காக அந்த ஆயிரத்தையும் உரித்துப்போட்டு மறுபடி எழுதுகிறது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு ரிப்போர்ட்டைத் திரும்ப டைப் அடிக்கச் சொன்னால் வருகிற முகச்சுளிப்பு உங்களுக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டைச் சோதனைக் குழாயிலேயே நடத்திக் காட்டிய பால் மோட்ரிச், 2015 நோபலைப் பங்கிட்ட மூவரில் ஒருவர்.

இன்னொருவர் தோமஸ் லிண்டால். யாரும் தொடாமல் சும்மா இருந்தாலே டி.என்.ஏ.வில் 'சி' எழுத்து தானாக யுராசிலாகச் சிதையும் என்று காட்டி, அந்த யுராசிலைப் பொறுக்கி எடுக்கும் நொதியை 1974-ல் ஈ.கோலையில் கண்டவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உமேஷ் வர்ஷ்னே பல வருடமாகத் துருவியது இந்த நொதியைத்தான்.

மூன்றாமவர் அஜீஸ் சான்ஜார். அவரைப் பற்றிச் சொல்லும் முன் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெயிலில் உள்ள புற ஊதா ஒளி டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு 'டி' எழுத்தைச் சேர்த்து ஒட்டிவிடும். எழுதும் நொதி அந்த இடத்தில் தடுக்கி நிற்கும். எங்கள் கேபினட்டில் கிருமி நீக்கக் குழல்விளக்கு வைத்திருப்பதும் இதற்குத்தான். 1940-களின் கடைசியில் ஆல்பர்ட் கெல்னர் என்பவர் கோல்ட் ஸ்ப்ரிங் ஹார்பரில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வித்துகளைப் புற ஊதாவில் காட்டிவிட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தார். கணக்கு ஒவ்வொரு தடவையும் எங்கெங்கோ போனது. சூடுதான் காரணம் என்று தலையை உடைத்துக்கொண்டார். கடைசியில் பார்த்தால் காரணம் ஜன்னல்! வெளிச்சம் பட்ட குடுவையில் இருந்தவை பிழைத்தன, இருட்டில் இருந்தவை செத்தன. 1949-ல் அதை வெளியிட்டார்.

இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியுமா? எல்லா ஆய்வகத்திலும் மருந்துத் தட்டுகளைச் சரிபார்க்க வைத்திருக்கும் ஏ.டி.சி.சி. 25922 என்ற ஈ.கோலையை எடுத்து, நன்றாக நீர்க்கச் செய்து, இரண்டு தட்டில் பரப்பினேன். அறை விளக்கை அணைத்து, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, மூடியைத் திறந்து வைத்துக் குழல்விளக்கைச் சில நொடி போட்டேன். மூடி திறந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக்கைத் தாண்டி அந்த ஒளி போகாது. அணைத்த மறுகணமே ஒரு தட்டை அலுமினியத் தாளில் இறுக்கச் சுற்றினேன். மற்றதை மூடி போட்டு மேற்குப் பக்க ஜன்னலில் வைத்தேன். சாரல் விட்டு வெயில் முகம் காட்டிய நேரம், திரிகூட மலையின் மேல் மேகம் விலகியிருந்தது. பிறகு இரண்டும் இன்குபேட்டருக்குள். காலையில் தாளைப் பிரித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, விரல் விட்டு எண்ணிவிடலாம். ஜன்னல் தட்டில் எண்ண முடியாத அளவு காலனி! சாவு வந்த அதே சூரியனிடமிருந்தே வைத்தியமும் வருகிறது. ஃபோட்டோலையேஸ் என்ற நொதி நீல ஒளியைப் பிடித்து, ஒட்டிப்போன இரண்டு எழுத்துக்கும் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துப் பிரித்துவிடுகிறது. அந்தப் பிரிக்கும் வேலைக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. பேரருவிப் பாறையில் நாள் முழுக்க வெயில் காய்கிற பாக்டீரியாவை நினைத்துப் பாருங்கள். அடி வாங்கிக்கொண்டே ஆறிக்கொண்டும் இருக்கின்றன. கங்காருவிடம்கூட இந்த நொதி இருக்கிறது. நம்மிடம் இல்லை. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்த நொதிக்கான மரபணுவைத் தனியே பிரித்தெடுத்தவர் சான்ஜார். துருக்கியில் கிராமத்து மருத்துவராக இருந்தவர். அமெரிக்கா போய் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் ஆராய்ச்சிக்கு எந்த இடமும் கிடைக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் என்ன வேலையில் சேர்ந்தார் தெரியுமா? லேப் டெக்னீஷியன்! என் உத்தியோகம்! அங்கே இருந்துதான் வெளிச்சமே வேண்டாத இன்னொரு பழுது முறையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். யு.வி.ஆர். என்ற மூன்று புரதங்கள் சேர்ந்து, கெட்டுப்போன இடத்தைச் சுற்றி 12, 13 எழுத்து நீளத்துக்கு இழையை நறுக்கி எடுக்கின்றன. 1983-ல் அது வெளிவந்தது. எங்கள் ஆய்வகச் சுவரில் அவர் படத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். முதலாளி யாரோ நடிகர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பழுது பார்ப்பதில் சூப்பர் ஸ்டார் என்று டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸைத்தான் எல்லோரும் கொண்டாடுவார்கள். 1956-ல் ஆரிகனில், கதிர்வீச்சால் கிருமி நீக்கிய இறைச்சி டப்பாவுக்குள் உயிரோடு இருந்தது. மனிதனுக்கு ஐந்து கிரே கதிர்வீச்சே உயிருக்கு ஆபத்து. இது ஐயாயிரத்தையும் தாங்கும். டி.என்.ஏ. நூற்றுக்கணக்கான துண்டாகச் சிதறிய பிறகு, சில மணி நேரத்தில் துண்டுக்குத் துண்டு சரி பார்த்துக் கோத்துவிடும். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இதை வைத்து நிறைய வேலை நடக்கிறது. அதன் உறவுக்காரி ஒன்றை மேற்கு வங்கத்தின் ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரில் கண்டு, 2004-ல் டெய்னோகாக்கஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். செங்கோட்டையிலிருந்து பதிமூணு கண் பாலம் தாண்டி ரயிலில் கொல்லம் போகும்போதெல்லாம், சவரா கடற்கரை மணலிலேயே தோரியம் இருக்கிறதே, அங்கே குடியிருக்கும் பாக்டீரியா என்ன பாடு படுகிறதோ என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனாலும் என் ஓட்டு சாதாரண ஈ.கோலைக்குத்தான். காரணம் ஓர் ஆச்சி.

சுரண்டைப் பக்கத்திலிருந்து சிறுநீர் எரிச்சல் என்று வந்தவர். சாம்பிளைச் சுழற்றி, கிராம் ஸ்டெயின் போட்டு, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு லென்ஸை இறக்கினேன். வழக்கமாகச் சீரகச் சம்பா அரிசி மாதிரி குட்டை குட்டையாகக் கிடக்கிற ஈ.கோலை, அன்று சேமியாவைக் கொட்டியது மாதிரி நீள நீளமாகக் கிடந்தது. ஒவ்வொன்றும் பார்வை வட்டத்தின் பாதிக்கு ஓடியது. நடுவில் தடுப்புச் சுவர் ஒன்றுகூட இல்லை. நான் வாய் பிளந்து பார்ப்பதைப் பார்த்து ஆச்சிக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏட்டி, என்னத்த அப்படிப் பாக்க? பெரிய நோவு எதும் கெடக்கா?"

"அதெல்லாம் இல்ல ஆச்சி. மாத்திர எதும் போட்டீங்களா?"

"மெடிக்கல்ல ரெண்டு வாங்கிப் போட்டேன். எரிச்சல் நின்னுட்டு. அதான் விட்டுட்டேன்."

முந்தியில் முடிந்து வைத்திருந்த அட்டையை எடுத்துக் காட்டினார். சிப்ரோ. பென்சிலின் வகை மருந்தும் பாக்டீரியாவை இப்படி நீட்டிவிடும், ஆனால் அது செல் சுவர் விவகாரம். இது வேறு. ஜைரேஸ் வெட்டிய டி.என்.ஏ. ஒட்டப்படாமல் உடைந்து கிடக்கிறது. உடைந்த இடத்தில் வெளியே தெரியும் ஒற்றை இழை மேல் ரெக்-ஏ என்ற புரதம் வரிசையாக ஏறி உட்கார்கிறது. இதே ரெக்-ஏயின் உருவத்தைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்து, படிகமாக்கி, 2000-ல் அணு அணுவாகக் காட்டியது பெங்களூரில் எம். விஜயன், கே. முனியப்பா குழு. ரெக்-ஏ ஏறியதும் லெக்ஸ்-ஏ என்ற காவல்காரப் புரதம் தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. அது அமுக்கி வைத்திருந்த நாற்பதுக்கு மேற்பட்ட மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று 'பழுது முடியாமல் பிரியாதே' என்று தடை போடுகிறது. உடம்பு வளர்கிறது, பிரிய முடியவில்லை, ஆகவே நீள்கிறது. ஆச்சியின் சாம்பிளில் நான் பார்த்தது அந்தத் தடை உத்தரவைத்தான்! எவலின் விட்கின் 1944-லேயே புற ஊதா பட்ட ஈ.கோலை இப்படி நீள்வதைக் கவனித்தார்; எழுபதுகளில் மிரோஸ்லாவ் ராட்மன் இந்த ஏற்பாடு முழுவதற்கும் எஸ்.ஓ.எஸ். என்று பெயர் வைத்தார். விட்கின் 2023-ல், 102 வயதில்தான் காலமானார்.

எந்தப் பழுதுபார்ப்பும் பலிக்காவிட்டால்? இங்கேதான் என் மயிர் கூச்செறியும். இத்தனை கறாராகப் பிழை பார்த்த அதே ஈ.கோலை, கடைசிக் கட்டத்தில் பிழை பார்க்காத எழுத்துக்காரனை உள்ளே விடுகிறது. கெட்ட இடத்தில் ஏதோ ஓர் எழுத்தைப் போட்டுத் தாண்டிப் போ, உயிர் பிழைத்தால் போதும் என்கிறது. அப்படி விழும் பிழைகளில் ஒன்று ஜைரேஸின் 83-வது இடத்தில் விழுந்து, செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லியூசின் வந்துவிட்டால் போச்சு, சிப்ரோவின் பிடி தளர்ந்துவிடும். 46 லட்சத்தில் ஒரே ஓர் எழுத்து. லெக்ஸ்-ஏ உடைய முடியாதபடி மாற்றிய ஈ.கோலைக்கு எலி உடம்பில் சிப்ரோவுக்கு எதிர்ப்பு வரவே இல்லை என்று 2005-ல் காட்டியிருக்கிறார்கள்.

நெருக்கடியில் பாக்டீரியா தன் பிழை விகிதத்தை ஏற்றிக்கொள்கிறதா என்ற சண்டையை 1988-ல் கிளப்பியவர், கோர்ன்பெர்க் நொதி இல்லாத ஈ.கோலையைப் பிடித்த அதே கெய்ர்ன்ஸ். அந்தச் சண்டையில் மதுரையும் இருந்தது என்பதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர். ஜெயராமன், மியூட்-எஸ், மியூட்-எல் இரண்டும் இந்த விஷயத்தில் வேறு வேறு வழியில் ஆள்கின்றன என்று 1992-ல் 'ஜர்னல் ஆஃப் ஜெனெடிக்ஸ்' இதழில் எழுதினார். இங்கிருந்து மூன்று மணி நேரப் பஸ் தூரம்! இப்போது பெங்களூரு என்.சி.பி.எஸ். ஆய்வு நிலையத்தில் அஞ்சனா பத்ரிநாராயணன் குழு, பிரியாமல் சும்மா இருக்கும் பாக்டீரியாவுக்குள்ளும் பழுது வேலையும் பிழை எழுத்தும் நடப்பதை உயிரோடு மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். அந்த மைக்ராஸ்கோப்பை ஒரு தடவை தொட்டுப் பார்க்க விட்டால் போதும் எனக்கு.

மறுநாள் ஆச்சியின் தட்டில் சிப்ரோ வில்லையைச் சுற்றி வளராத வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். 23 மில்லிமீட்டர். முழுசாகக் கேட்கவும் இல்லை, முழுசாக மீறவும் இல்லை, இடைப்பட்டது. வட்டத்தின் ஓரம் தாண்டி உள்ளே ஒன்றிரண்டு குட்டிக் காலனிகள் தைரியமாக முளைத்திருந்தன. ரிப்போர்ட்டில் இதற்கெல்லாம் இடம் கிடையாது, 'ஈ.கோலை, இன்டர்மீடியட்' என்று ஒரு வரி. டாக்டர் வேறு மருந்து எழுதினார், ஆச்சிக்குக் குணமாகிவிட்டது.

ஸ்லைடை மட்டும் நான் கழுவவில்லை. சாயம் போட்டுச் சூட்டில் நிலைநிறுத்தியது, கெட்டுப்போகாது. டப்பாவில் போட்டு மைக்ராஸ்கோப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். சீசனுக்கு வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் பிடித்து உட்கார வைத்துக் காட்டுகிறேன். குனிந்து ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குளா. அருவில தண்ணி விழுதா?" என்கிறார்கள்.